சொரியாசிஸ் உள்ளவரின் கால் ஏன் மரத்துப்போகிறது?

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் போகும் கடலோரத்தில் இருக்கிறது ஆலந்தலை. கடல் தொழில்தான் ஊரின் பிழைப்பு. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நம்பி நடக்கும் தொழில் அது. வலைக்கண்ணில் செவுள் மாட்டிக்கொண்ட மீனை விடியுமுன் இருட்டில் தடவித்தான் கழற்ற வேண்டும். கெளுத்தியின் முள் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது என்பதை விரல் நுனி முதலில் அறிந்தாக வேண்டும். அலையில் ஆடும் வள்ளத்தில் விழாமல் நிற்க, காலடிப் பலகையின் அசைவு பாதத்துக்குத் தெரிய வேண்டும். உச்சி வெயிலில் மணல் கொதிப்பதும், மணலுக்குள் உடைந்த சிப்பி ஓடு கிடப்பதும் கால் சொல்லித்தான் ஆளுக்குத் தெரியும்.

இந்தக் கரையில் ஒருவருக்குச் சொரியாசிஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தடித்த படை. சொறிந்தால் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. சில வருடங்கள் கழித்து விரல் மூட்டுகள் வீங்குகின்றன, காலையில் எழுந்ததும் கை மடங்க மறுக்கிறது. அதன் பிறகு மூன்றாவதாக ஒரு தொல்லை மெல்லச் சேர்கிறது. பாதம் எரிகிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. கால் மதமதவென்று ஆகிவிடுகிறது. படை எல்லோர் கண்ணிலும் படுகிறது. மூட்டு வலி ஆளைப் படுக்கவைக்கிறது. மதமதப்பை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "எல்லாம் வாதம்", "வயசாச்சுல்ல", "சத்துக் குறைவா இருக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். நோயாளியும் அப்படியே நம்பி, மருத்துவரிடம் அதைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்.

சொல்லியாக வேண்டும். சொரியாசிஸும் அதையொட்டி வரும் மூட்டழற்சியும் உள்ளவர்களுக்குக் கை கால் நரம்புகள் பழுதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை நேரத்தோடு கண்டுபிடித்தால் தடுக்கக்கூடியவை.

தோலோடு நிற்காத நோய்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்லப்படும் சொரியாசிஸ், தோலில் தெரிந்தாலும் நோய் எதிர்ப்பாற்றலில் பிறக்கும் நோய். கிருமியோடு போரிட வேண்டிய வெள்ளணுக்கள் காரணமில்லாமல் கிளர்ந்து, டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-17, இன்டர்லியூக்கின்-23 போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தூண்டுதலில் தோல் செல்கள் வெறிபிடித்தாற்போல் பெருகுகின்றன. சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து செதிலாகின்றன. தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது.

உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டழற்சி வரலாம். பெரும்பாலோருக்குப் படை வந்து பல ஆண்டுகள் கழித்து மூட்டு வீங்கும். சிலருக்கு மூட்டு முந்திக்கொள்ளும். மூட்டழற்சி வரப்போவதற்கான தடயம் பல நேரம் நகத்தில் கிடைக்கும்: ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள், நுனியிலிருந்து நகம் சதையை விட்டுப் பிரிதல். ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக வீங்குவதும், காலையில் முதல் அடி வைக்கையில் குதிகால் சுரீர் என்று வலிப்பதும் மற்ற தடயங்கள்.

அதே அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. சர்க்கரை நோய், உடற்பருமன், இதய நோய் ஆகியவை சொரியாசிஸ் நோயாளிகளிடம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வரிசையில் நரம்புக்கும் ஓர் இடம் உண்டு.

நரம்பு இல்லாவிட்டால் படை மறைகிறது

சொரியாசிஸுக்கும் நரம்புக்கும் உள்ள உறவு நினைப்பதைவிட ஆழமானது. படை பெரும்பாலும் உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறது. மனக்கவலை கூடினால் படையும் கூடுகிறது. இவற்றைவிட வியப்பான ஒன்றையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்: விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ ஓர் இடத்துக்குப் போகும் நரம்பு அறுபட்டால், அந்த இடத்தில் இருந்த படை தானாக மறைகிறது. நரம்பு மீண்டும் வளர்ந்து உணர்ச்சி திரும்பினால் படையும் திரும்புகிறது.

அமெரிக்கத் தோல் மருத்துவர் யூஜின் ஃபார்பரும் அவரோடு பணியாற்றிய சிபா ராய்சௌத்ரியும் இந்தப் புதிரைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சொரியாசிஸ் தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் மிகுதியாக இருப்பதை இவ்வகை ஆய்வுகள் காட்டின. 2014-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது. எலிகளின் தோலில் சொரியாசிஸ் போன்ற அழற்சியை உண்டாக்கினார்கள். வலியை உணரும் நரம்பிழைகள் நீக்கப்பட்ட எலிகளில் அந்த அழற்சி வெகுவாகக் குறைந்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-23 சுரக்க, நரம்பின் சமிக்ஞை தேவைப்பட்டது.

ஆகவே சொரியாசிஸில் நரம்பு சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. அது நெருப்பை ஊதிவிடுகிறது. அதே நெருப்பில் தானும் கருகுகிறது. படை உள்ள இடத்தில் அரிப்பும் எரிச்சலும் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மூட்டில் வீக்கம் வடிந்த பிறகும் சிலருக்கு எரிச்சலும் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற வலியும் நிற்காமல் இருப்பதற்கும் நரம்பு சார்ந்த வலி ஒரு காரணம். அங்கே வலி மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பலன் இல்லை.

நரம்பு பழுதாகும் வழிகள்

முதல் வழி, நெரிபடுதல். மணிக்கட்டில் எலும்புக்கும் தடித்த பட்டைக்கும் இடையே ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் அதற்குள்தான் போகின்றன. நடு நரம்பும் அதற்குள்தான் போகிறது. மூட்டழற்சியில் தசைநாண்களின் உறை வீங்கினால், இடமில்லாமல் நசுங்குவது நரம்பு. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். நடு இரவில் கை எரிந்து விழிப்பு வரும். கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். நாளெல்லாம் கயிறும் வலையும் இழுக்கிற கைக்கு இது எளிதில் வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் முழங்கையில் உள்ள நரம்பைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால் எரிந்தால் கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சொரியாசிஸ் மூட்டழற்சி முதுகெலும்பையும் கழுத்தையும் பிடிக்கும் என்பதால் அங்கே நரம்பு வேர் அழுந்தவும் இடமுண்டு. இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் அது அவசரம். மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

இரண்டாவது வழி, அழற்சியே நரம்பைத் தாக்குவது. ஒரு நரம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பல புரிகளை முறுக்கிய கயிறு போல ஆயிரக்கணக்கான இழைகள் கட்டுக் கட்டாகத் தெரியும். அந்தக் கட்டுகளுக்கு இடையே மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் ஓடி நரம்புக்கு உணவூட்டுகின்றன. நாள்பட்ட அழற்சி இந்தக் குழாய்களைப் பாதித்தால் நரம்பு பட்டினி கிடக்கிறது. இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை போகும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நீளம் கூடக்கூட ஊட்டம் கொண்டுசேர்ப்பது கடினம். அதனால்தான் மதமதப்பு கால் விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது; கை விரல்கள் பிறகுதான் சேர்கின்றன.

மூன்றாவது வழி, கூட்டாளிகள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நரம்பைக் கெடுப்பதில் சர்க்கரைக்கு நிகரில்லை. சொரியாசிஸும் சர்க்கரையும் ஒரே உடலில் சேரும்போது ஆபத்தும் சேர்கிறது. மது இன்னொன்று, அது நரம்பையும் கெடுக்கும், சொரியாசிஸையும் கிளறும். வைட்டமின் பி12 குறைவது மற்றொன்று. தினமும் மீன் சாப்பிடும் கடற்கரை மக்களுக்கு உணவால் பி12 குறைவது அரிது. ஆனால் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையக்கூடும். மீன் சாப்பிடுகிறோமே என்று இருந்துவிடாமல் இரத்தத்தில் அளந்து பார்ப்பது நல்லது.

நான்காவது வழி, மருந்து. இதற்கு ஒரு பழைய, கசப்பான சான்று இருக்கிறது. 1786-இல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கில மருத்துவர் அறிமுகப்படுத்திய ஆர்செனிக் கரைசல், அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொரியாசிஸுக்குக் கொடுக்கப்பட்டது. படை குறைந்தது உண்மை. ஆனால் ஆர்செனிக் நரம்பைத் தின்றது; கை கால் மரத்தது; உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துத் தடித்தன; சிலருக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அந்தக் கரைசல் போய்விட்டது, ஆபத்து போகவில்லை. பெயரும் உள்ளடக்கமும் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஈயம், ஆர்செனிக், பாதரசம் இருக்கலாம், ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக உடல் முழுக்க வெடிக்கும் அபாயமும் உண்டு. வெட்பாலை இலையை வெயிலில் ஊறவைத்து ஊதா நிறமேறிய தேங்காயெண்ணெயைத் தேய்ப்பது வேறு, என்னவென்று தெரியாத பொடியை விழுங்குவது வேறு.

இன்றைய நல்ல மருந்துகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மூட்டழற்சிக்குக் கொடுக்கும் லெஃப்ளுனோமைடு சிலருக்கு நரம்பைப் பாதிக்கும். மதமதப்பு தொடங்கியதும் சொல்லி மருந்தை மாற்றினால் பெரும்பாலும் மீளலாம். டிஎன்எஃப் புரதத்தை அடக்கும் ஊசி மருந்துகள் பலருக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கின்றன. மிக அரிதாக நரம்பின் மேலுறையைச் சிதைப்பதும் உண்டு. புதிதாக மரத்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே தெரிவிக்க வேண்டும். மெதோட்ரெக்சேட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் வழியில் பிறந்த மருந்து அது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

மரத்த காலை எப்படிக் காப்பாற்றுவது என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். கொல்லிமலையில் வளர்ந்து, 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறினார். தொழுநோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் இரத்தச் சொட்டு. சிறுவனின் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பிராண்ட் முடிவுக்கு வந்தார்: நோய் சதையைத் தின்பதில்லை. நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்துவிடுகிறது. வலி இல்லாத கை காலைச் சூடும் வெட்டும் அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கின்றன.

அந்தப் புரிதலில் இருந்து மருத்துவமே மாறியது. வேலூரிலும் அதன் அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் மரத்த பாதத்துக்கான மெத்தென்ற செருப்புகள் செய்து பார்க்கப்பட்டன. இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தச் செருப்பின் வரலாறு அங்கே இருக்கிறது. பிறகு அந்த அனுபவம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்பட்டது. அதையே சொரியாசிஸ் நோயாளிக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் வாதம். பாதம் ஏன் மரத்தது என்பதற்கு நோய்க்கு நோய் காரணம் மாறும். மரத்த பாதத்துக்கு நேரும் கதி எல்லாருக்கும் ஒன்றே.

இங்கே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் படையில் அரிப்பும் செதிலும் இருக்கும். தொட்டால் உணர்ச்சி இருக்கும். வெளிறியோ சிவந்தோ இருக்கும் தேமலில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால், தொழுநோய்க்கான சோதனை உடனே செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கான கூட்டு மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். ஒன்றை இன்னொன்றாக எண்ணி ஒளித்து வைத்தால் இரண்டு நோயாளிக்கும் கேடு.

தங்கூசி போதும்

நரம்பு கெட்டிருக்கிறதா என்று அறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வளையும்போது 10 கிராம் அழுத்தம் தருமாறு அளவெடுத்துச் செய்த ஒரு நைலான் இழையை ஒரு பிடியில் பொருத்தியிருப்பார்கள். ஆலந்தலைக்காரர்களுக்கு அது புதிதில்லை. அவர்கள் தினம் கையாளும் தங்கூசி என்ற மீன்பிடி நைலான் நூலின் இனம்தான். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். மருத்துவர் அந்த இழையைக் கால் பெருவிரல் அடியிலும், விரல்களுக்குப் பின்னே உள்ள மேட்டிலும் வில்லாக வளையும் வரை அழுத்தி எடுப்பார். காய்ப்பு உள்ள இடத்தையும் படை உள்ள இடத்தையும் விட்டுவிடுவார். தொடும்போதெல்லாம் நோயாளி "ஆங்" என்று சொல்ல வேண்டும். சொல்லாத இடம் ஆபத்தான இடம். பிறகு அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

சந்தேகம் இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை செய்வார்கள். மூட்டழற்சியால் மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் இந்தச் சோதனையில் எல்லாம் சரி என்றே வரும். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, உங்களுக்கு மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். எரிச்சல் உண்மை, சோதனையின் வீச்சுக்கு எல்லை உண்டு.

வீட்டிலும் கரையிலும்

மரத்த காலுக்கு நம் வீடுகளில் செய்யும் முதல் வைத்தியமே ஆபத்தானது. வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை முக்குகிறோம். செங்கல்லைச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கிறோம். சூடு தெரியாத கால் வெந்துபோகும். சொரியாசிஸ் உள்ள தோலில் புண் பட்ட இடத்திலேயே புதிய படை முளைக்கக்கூடும் என்பதை ஹைன்ரிஷ் கோப்னர் 1872-லேயே சொல்லியிருக்கிறார். ஆக, ஒரு கொப்புளம் இரண்டு நோய்க்கும் கதவு திறந்துவிடும். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கரையில் வேலை செய்பவர் செருப்பில்லாமல் மணலில் இறங்கக் கூடாது. பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு திருச்செந்தூர் பாதயாத்திரைக்குக் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மெத்தென்ற செருப்போடு நடந்தால் வேண்டுதல் குறைந்துவிடாது. இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளோ வெடிப்போ கொப்புளமோ இருந்தால் வலி இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கை இரவில் மரத்தால் மணிக்கட்டுப் பட்டை கட்டித் தூங்குவதே பலருக்குப் போதும்; பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. சிதைந்த நரம்பிழை ஒரு நாளில் வளர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு நட்டம்.

சொரியாசிஸ் உள்ள எல்லோருக்கும் நரம்பு கெடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. அழற்சியை ஒழுங்கான சிகிச்சையில் அடக்கி, சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைத்து, மதுவை விட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

மருத்துவத் துறையிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அதே பெண், சொரியாசிஸ் உள்ளவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். காலையில் மூட்டு பிடித்துக்கொள்கிறதா? கை கால் எரிகிறதா, மரக்கிறதா? உங்களுக்குத் தெரியாமலே பாதத்தில் புண் வந்திருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமா" என்று பதில் வந்தாலும் அவரைத் திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப வேண்டும். தோல் பிரிவும் மூட்டைப் பார்க்கும் பிரிவும் தனித்தனியே சீட்டு எழுதும் இடங்களில், இரண்டு பேருமே நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. யாராவது ஒருவர் கழற்றச் சொல்லிவிட்டால் ஒரு கடல் தொழிலாளியின் பிழைப்பைக் காப்பாற்றலாம். அதற்கு வேண்டியது ஐந்து நிமிடமும் ஒரு நைலான் இழையும்தான். இரண்டையும் நம் மருத்துவமனைகளால் கொடுக்க முடியும். நோயாளிகளும் அதை உரிமையோடு கேட்டு வாங்க வேண்டும்.